நான் மட்டும் பிடித்த கொடுவா

மீனைப் பிடித்துத் தின்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மீன் பக்கமே போகாதவர்களோடும் இல்லை. பிடித்த மீனைக் கையில் வைத்து அழகு பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விடுகிறார்களே, அந்த மூன்றாவது வகையைக் கண்டால்தான் எனக்கு இந்த வயதிலும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் இப்போது இருக்கும் புக்கிட் மேரா அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் ஒருவர் அப்படித்தான். ஞாயிறுதோறும் கடலுக்குப் போய், பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து, அதைப் பெருமையாக வேறு சொல்கிறார். "பாவம் லா, அதுவும் உயிர்தானே" என்கிறார். உயிர் என்று தெரிந்தவர் அதன் வாயில் ஏன் முள்ளைக் குத்தினீர் என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். அதற்குள் லிஃப்ட் வந்துவிடும்.

அவர் மேல் தப்பில்லை. என் கோபம் அவர் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. காலாங் ஆற்றில் ஒரு கொடுவா மீனிடம் தொடங்கியது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சிராங்கூன் ரோட்டில் மாட்டுக் கொட்டகைகளைத் தாண்டி ஒரு கடைவீட்டின் பின்கட்டில் இருந்தோம். வாப்பா, உம்மா, நான், வாப்பாவின் அக்காவான மாமி, நாலே பேர். வாப்பா ஆற்றோரத்துக் கிட்டங்கி ஒன்றில் கிராணி. வாரத்தில் ஆறு நாள் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கணக்கு எழுதுவார். ஏழாம் நாள் மூங்கில் தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு காலாங் ஆற்றுக்குப் போய்விடுவார். அங்கே ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் பழைய மரத்துறை ஒன்று இருந்தது. சாயங்காலம் வரும்போது ஏதாவது ஒன்று கையில் தொங்கும். உம்மா அதைத் தேங்காய்ப்பால் ஊற்றி ஆணம் காய்ச்சுவாள். வாப்பாவுக்கு வேறு பழக்கம் கிடையாது. வெற்றிலை இல்லை, சுருட்டு இல்லை, கதை பேச நாலு சிநேகிதர்கள்கூட இல்லை. அந்தத் தூண்டில் ஒன்றுதான்.

அந்த வருஷம் உம்மா முழுகாமல் இருப்பதாக மாமி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இது பொறுக்கவில்லை. உம்மா காலையும் மாலையும் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதை நான் என் கண்ணால் பார்க்கிறேன். "எங்க உம்மா தினம் ரெண்டு தடவை முழுகுறாங்க" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் கோபம் இன்னும் கூடியது. பிள்ளை உண்டாகியிருப்பதைத்தான் நம்மவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. அந்த வீட்டில் எனக்கு எதையுமே யாரும் விளக்கியதில்லை என்பதுதான் என் முதல் புகார்.

உம்மா பினாங்கில் பிறந்தவள். அவளுக்கு மலாய்க்கார மருத்துவச்சி மேல்தான் நம்பிக்கை. பீடான் என்று கூப்பிடுவோம். அந்தப் பீடான் ஒருநாள் வந்து உம்மாவின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, வாப்பா செய்யக் கூடாதவற்றை விரல் மடக்கிச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு 'ஜாங்கான்' போட்டாள். கூடாது என்று அர்த்தம். வாப்பா சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கழுத்தைச் சுற்றித் துண்டு போடக் கூடாது. கோழி அறுக்கக் கூடாது. கடைசியாகத் தூண்டில் போடக் கூடாது. காரணம் எதையும் அவள் என் காதுபடச் சொல்லவில்லை. என்னைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லிவிட்டு உம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

மாமிக்குச் சிரிப்புத்தான். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவள், அவளிடம் வேறொரு பட்டியல் இருந்தது. கிரகணத்தன்று வெளியே வரக் கூடாது, உச்சிப்பொழுதில் முச்சந்தியைத் தாண்டக் கூடாது என்று. "மீன் பிடிக்கக் கூடாதுன்னா நம்ம ஊர்ல ஒருத்தனுக்கும் புள்ளை பொறந்திருக்காது" என்றாள். வாப்பாவும், "இதெல்லாம் எந்தக் கிதாபுல இருக்கு?" என்று கேட்டார்.

உம்மா வாதாடவில்லை. அன்று மாலை வாப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போது பக்கத்தில் செம்போடு நின்று சொன்னாள். "ரெண்டு போயிடுச்சுங்க. இது ஒன்னுக்காகவாவது அந்தத் தூண்டிலைத் தொடாதீங்க."

எது இரண்டு என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மாதம் எங்கள் வீட்டில் இரண்டு கோழிகள் காணாமல் போயிருந்தன. அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாப்பா ஈரக் கையைக் கைலியில் துடைத்தார். பிறகு, "தொடல. வாக்குக் கொடுக்கிறேன்" என்றார்.

வாக்கைக் கொடுத்துவிட்டாரே தவிர, ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முதல் ஞாயிறு வீட்டிலிருந்த பானைகளையெல்லாம் இடம் மாற்றி வைத்து மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டாம் ஞாயிறு எனக்குப் பேன் பார்த்துவிட உட்கார்ந்தார். மூன்றாம் ஞாயிறு காலையில் என்னைக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "ஆத்துக்கு வர்றியா? நீ தூண்டில் போடு. நான் சும்மா பார்க்கிறேன்" என்றார்.

பொம்பளைப் பிள்ளையை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போவதா என்று மாமி குதித்தாள். வாப்பா கேட்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துத்தான் வாப்பா என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று மனமார நம்பினேன். தூண்டிலைத் தொடாமல் மீன் பிடிக்க அவருக்கு ஒரு ஜோடிக் கை தேவைப்பட்டது என்பது எனக்கு எப்படித் தெரியும்? இரவல் கை என்று அன்றே சொல்லியிருந்தால் கூலியாவது கேட்டிருப்பேன்.

மரத்துறையில் வாப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு உட்காருவார். கோத்த கையை ஒருபோதும் அவிழ்க்க மாட்டார். இறால் வைத்த சிரட்டையைக்கூடக் காலால்தான் என் பக்கம் தள்ளுவார். வாய் மட்டும் ஓயாது. முள்ளை இறாலின் வாலில் குத்து, தலையில் குத்தாதே. தக்கை ஆடினால் இழுக்காதே, முங்கினால் இழு. அவ்வளவு பேச்சு அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. முதல் நாள் ஒரு கெளுத்தி பிடித்தேன். அடுத்த வாரம் நாலு பொடி மீன்கள். வீட்டு வாசலிலேயே உம்மா என் முகத்தைப் பிடித்துக் கேட்பாள்.

"யாரு பிடிச்சா?"

"நான்தான்."

"வாப்பா கை வச்சாங்களா?"

"இல்லவே இல்லை."

அது சத்தியம். உம்மா என்னை விட்டுவிட்டு அரிவாள்மனையை எடுக்கப் போவாள். என் திறமையைச் சந்தேகப்பட்டுக் கேட்கிறாள் என்று எனக்குள் பொருமுவேன்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, தக்கை ஆடவே இல்லை. ஒரே முங்காக முங்கியது. நான் இழுத்தேன். தண்ணீருக்கடியிலிருந்து என்னை ஏதோ திருப்பி இழுத்தது. மூங்கில் வளைந்து அதன் நுனி தண்ணீரைத் தொட்டது. ஒரு நொடி மேலே துள்ளியது பாருங்கள், வெள்ளி நிறத்தில், என் கால் நீளத்துக்கு ஒரு கொடுவா. "விடாதே, விடாதே, கொஞ்சம் விட்டுக் கொடு, விடாதே" என்று வாப்பா பின்னால் கட்டிய கையோடு எழுந்து நின்று குதித்தார். என் கால் பலகையில் வழுக்கியது. ஒரு பலகை, இரண்டு பலகை, நான் துறையின் விளிம்புக்கே வந்துவிட்டேன். கழியை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மீனை நான் ஏன் விட வேண்டும்?

அப்போது வாப்பாவின் கைகள் அவிழ்ந்தன. அந்த நிலையிலும் அவர் கழியைத் தொடவில்லை. என் தலைக்கு மேலே எட்டித் தூண்டில் நரம்பைப் பிடித்தார். வெறும் நரம்பை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். அது அவர் கையை அறுத்தது. இரத்தம் நரம்போடு ஓடிச் சொட்டியது. கொடுவா பலகையில் வந்து விழுந்து படபடவென்று அடித்தது. நான் அதன் மேல் படுத்துக்கொள்ளாத குறை.

வாப்பா முழங்காலிட்டு மீனைப் புரட்டினார். முள் மேலுதட்டில் ஏறியிருந்தது. இழுத்த இழுப்பில் அந்த உதடு நட்ட நடுவில் பிளந்து இரண்டாகத் தொங்கியது. வாப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றை விரலால் அந்தப் பிளவை மெதுவாகத் தடவினார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. பிறகு முள்ளைக் கழற்றினார். குழந்தையின் காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல எடுத்தார். நான் கூடையை நீட்டினேன். அவர் கூடையைப் பார்க்கவே இல்லை. மீனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு துறையின் படியில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று அதன் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வால் அசைந்தது. அவர் கையை விரித்தார். போய்விட்டது.

நான் போட்ட கூச்சலுக்கு எதிர்க்கரையில் படகு கழுவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏன் விட்டீங்க, ஏன் விட்டீங்க என்று கேட்டுக்கொண்டே வாப்பாவின் நனைந்த கைலியைப் பிடித்து இழுத்தேன். வாப்பா ஈரம் சொட்டச் சொட்டப் படியில் உட்கார்ந்து, யோசித்து யோசித்துச் சொன்னார்.

"எங்க கம்பெனித் துரை இருக்காருல்லம்மா. அவரும் மீன் பிடிப்பாரு. பெருசா பிடிச்சா விட்டுடுவாரு. அதான் மரியாதையாம்."

"நமக்கு எதுக்கு மரியாதை? நமக்கு ஆணம் வேணும்."

"வேணாம்மா. வீட்லயும் சொல்ல வேணாம்."

இதை நான் எங்கே போய் முறையிடுவது? என் வாழ்க்கையிலேயே பெரிய மீன். அதைத் தின்னவும் கூடாது, பிடித்தேன் என்று சொல்லவும் கூடாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அநியாயம் நடக்க முடியாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வழியெல்லாம் வாப்பாவுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கொடுவா, இவ்வளவு நீளம், வாப்பா ஆற்றில் விட்டுவிட்டார், துரை மாதிரி.

மாமி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "அல்லா கையில கொடுத்த ரிஸ்கைத் தண்ணியில எறிஞ்சுட்டு வந்தியா தம்பி?" என்று ஆரம்பித்தாள். வாப்பா துரையின் மரியாதையைப் பற்றி மறுபடி ஏதோ முணுமுணுத்தார். மாமி விடவில்லை. "என்ன மரியாதை? திங்கறதுக்குப் பிடிச்சா அது வேற. வாயில முள்ளைக் குத்தி, இழுத்துப் பார்த்து, போன்னு விடுறதுக்கு அது என்ன விளையாட்டுச் சாமானா? அவனுக்குப் பொழுது போகல, குத்துறான். உனக்கென்ன வந்துச்சு?" அன்றுவரை மாமியும் நானும் எதிலும் ஒத்துப்போனதில்லை. அன்று அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வாப்பா வலது கையை மடக்கி இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார்.

உம்மா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. மாமி மூச்சு வாங்க நிறுத்தியபோது என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவ்வளவு பெரிய மீனை யாரு இழுத்தா?"

வாப்பா தலையைத் தூக்கினார். என்னைத்தான் பார்த்தார். எனக்கு அந்த நிமிஷம் அவர் மேல் கொலைவெறி. என் மீனை ஆற்றில் விட்டவருக்கு அதைப் பிடித்த பெருமையிலும் பங்கா? ஒரு துளிகூடக் கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

"நான்தான் இழுத்தேன். நான் மட்டும்தான். வாப்பா கிட்டக்கூட வரல" என்றேன்.

பொய்தான். அந்த வயதில் நான் சொன்ன பொய்களிலேயே மோசமானது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். வாப்பாவுக்குக் கண் கலங்கியதுபோல் இருந்தது. பங்கு கிடைக்காத வருத்தம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். உம்மா, "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று மாலை கருவாட்டு ஆணம். வாப்பா சோற்றைப் பிசையாமல் நுனி விரலால் எடுத்து எடுத்து வைத்தார். காரம் உள்ளங்கையில் படும்போதெல்லாம் தோள் ஒருமுறை குலுங்கியது. உம்மா பரிமாறிய கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் தட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள். கருவாடு பிடிக்காமல்தான் அப்படிச் சாப்பிடுகிறார், கொடுவாவை விட்டதற்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாளே தூண்டில் வீட்டை விட்டுப் போய்விட்டது. யாருக்குக் கொடுத்தார் என்று தெரியாது. மீன் போனதோடு மீன் பிடிப்பதும் போயிற்று. என் ஆத்திரம் முழுவதையும் நான் துரைமார்மேல் திருப்பினேன். குதிரைப் பந்தயத்துக்குப் போகிற துரைமாரின் வண்டிகள் எங்கள் பக்கமாகத்தான் போகும். நான் வாசலில் நின்று ஒவ்வொரு வண்டியையும் முறைப்பேன். ஒரு துரைசானி என்னைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். நாக்கைத் துருத்திவிட்டு உள்ளே ஓடினேன். பெருநாளைக்கு வாப்பா என்னைக் கம்பெனிக்கு அழைத்துப்போனபோது அந்தத் துரைக்கு சலாம் சொல்ல மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டேன். பாவம், அந்த மனிதர் வாழ்நாளில் தூண்டிலைத் தொட்டவரே இல்லை என்று பின்னால் தெரிந்தது. வாப்பா அவசரத்துக்குக் கையில் கிடைத்த துரையை வைத்துக் கதை கட்டியிருக்கிறார்.

பதினொரு வருஷம் கழித்து எனக்குத் தலைப்பிள்ளை உண்டானபோது வேறொரு பீடான் வந்தாள். அதே ஜாங்கான்கள்தான். ஆனால் இவள் காரணங்களையும் சேர்த்துச் சொல்கிறவள். தகப்பன் ஆணி அடித்தால் பிரசவம் அடைத்துக்கொள்ளும். தகப்பன் தூண்டில் போட்டு, முள் மீனின் உதட்டைக் கிழித்தால், வயிற்றிலிருக்கும் பிள்ளையின் உதடும் அதேபோலக் கிழிந்து பிறக்கும். என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

அப்படியெல்லாம் உதடு பிளப்பதில்லை என்று இன்றைக்கு எந்த டாக்டரும் சொல்வார். அன்றைக்கு வாப்பாவுக்குச் சொல்ல ஆளில்லை. பீடான் சொன்ன காரணத்தை உம்மா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்ட மனுஷன்தான் அவர். நம்பாதவர். அந்த நம்பாதவர் ஐந்து மாதம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் உம்மாவும் சேர்ந்து சுமக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் தலையில் இப்படி ஒரு பயத்தைத் தூக்கி வைத்தார்களே என்று அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்தப் பீடானைச் சொல்லியும் குற்றமில்லை, அவளுக்கு அவள் உம்மா சொன்னது. யாரைக் கோபிப்பது என்று தெரியாததால்தான் கீழ்வீட்டுக்காரரைக் கோபித்துக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

அந்த ஐந்து மாதமும் முடிந்து என் தம்பி பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வாப்பா ஓடி வந்தபோது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டுவிட்டது. நான் கதவோரத்தில் நின்றிருந்தேன். மாமி திரையை விலக்கிக்கொண்டு வந்து, "தம்பி, ஆம்பளைப் புள்ளை" என்றாள். வாப்பா காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. மாமியைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். பீடான் துணியில் சுற்றி நீட்டியதை வாங்கவும் இல்லை. முகத்தில் கிடந்த துணியை மட்டும் விலக்கினார். ஒற்றை விரலை நீட்டி, பிள்ளையின் மேலுதட்டை மெதுவாகத் தடவினார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

பீடான் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு பொக்கை வாய் தெரியச் சிரித்து, "மூலூட் பாகுஸ், பாகுஸ்" என்றாள். வாய் நன்றாயிருக்கிறது என்று யாராவது ஒரு பிள்ளையை வர்ணிப்பார்களா? வாப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல வேண்டியவர், குரலே எழும்பாமல் தேம்பித் தேம்பி அழுதார். பாயில் கிடந்த உம்மா கையை நீட்டி அவர் வலது கையைப் பிடித்தாள். மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையின் குறுக்கே வெள்ளையாக ஓடிய அந்தத் தழும்பை, எங்கே இருக்கும் என்று முன்பே தெரிந்தவளைப்போலத் தொட்டாள். பிறகு விரல்களை மறுபடி மடக்கி, அந்தக் கையைத் தன் கன்னத்தின் கீழே வைத்துக்கொண்டாள்.

எனக்கு வயிறெரிந்தது. இப்போது பிறந்த ஒரு பொடியனுக்கு இவ்வளவு அழுகை, இவ்வளவு தடவல். ஆற்றோடு போன என் கொடுவாவைப் பற்றி மட்டும் இந்த வீட்டில் இதுவரை ஒருவராவது ஒரு வார்த்தை வருத்தப்பட்டார்களா என்று, கதவோரத்திலேயே நின்று கொதித்துக்கொண்டிருந்தேன்.